ரிப்போர்ட்டில் ‘நார்மல்’ என்று வந்தால்

“எல்லாம் நார்மல்தானே டாக்டர்?” ரிப்போர்ட்டை மேசையில் வைக்கும்போதே பலரும் கேட்டுவிடுகிறார்கள். இந்த ஒரு சொல்லை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போடுகிறவர்களை நினைத்தால்தான் எனக்குக் கவலை.

ரிப்போர்ட்டில் உங்கள் எண்ணுக்குப் பக்கத்தில் ‘இவ்வளவு முதல் இவ்வளவு வரை’ என்று போட்டிருக்கும். பெரும்பாலான பரிசோதனைகளில் அது வருவது இப்படித்தான்: ஆரோக்கியமான பலரைச் சோதித்து, நடுவில் வரும் 95 சதவீதம் பேருடைய அளவை எடுத்துக்கொள்வார்கள். அப்படியென்றால், எந்த நோயும் இல்லாத 100 பேரிலும் 5 பேர் அந்த வரம்புக்கு வெளியே இருப்பார்கள். மாஸ்டர் செக்கப்பில் ஏதோ ஓர் எண் தடித்த எழுத்தில் வந்தது என்பதற்காகத் தூக்கத்தைத் தொலைக்க வேண்டாம்.

எனக்குப் பெரிய பயம் இதற்கு நேர்மாறானது. ரத்தத்தில் பார்க்கும் கிரியாட்டினினை எடுத்துக்கொள்ளுங்கள். அது தசையிலிருந்து வரும் கழிவு. சிறுநீரகம் அதை வெளியேற்றுகிறது. 25 வயது இளைஞருக்கு 1.1 என்று வந்தால், சிறுநீரகம் வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு ஏறக்குறைய 95 மில்லி. அதே 1.1 ஒரு 70 வயது அம்மாவுக்கு வந்தால், திறன் 54தான். அறுபதுக்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட சிறுநீரக நோய். ஆனால் பல லேப் ரிப்போர்ட்டுகளில் இரண்டு பேருக்குமே 1.1 வரம்புக்குள்தான் இருக்கும். அந்த அம்மா மூட்டுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில், சிறுநீரகத்தை மேலும் கெடுக்கக்கூடிய வலி மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் போட்டுக்கொண்டிருப்பார். யாரும் தடுக்க மாட்டார்கள், ரிப்போர்ட் நார்மல் ஆயிற்றே!

இன்னொன்று. போன வருடம் கிரியாட்டினின் 0.6, இப்போது 1.1 என்றால் இரண்டுமே வரம்புக்குள்தான். ஆனால் உங்கள் அளவு கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிவிட்டது. பழைய ரிப்போர்ட் கையில் இருந்தால்தான் இது எங்களுக்குத் தெரியும். தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள்.

அப்புறம் ஈசிஜி. மாரடைப்பு வந்த சிலருக்கு முதல் ஈசிஜி நார்மலாகவே இருக்கும். இதயத் தசை பாதிப்பைக் காட்டும் ட்ரோபோனின் என்ற ரத்தப் பரிசோதனையும் ஆரம்பத்தில் ஏறாமல், சில மணி நேரம் கழித்து ஏறலாம். அதனால்தான் நெஞ்சுவலியோடு வருகிறவர்களை உட்காரவைத்து மறுபடி மறுபடி எடுக்கிறோம். பில்லை ஏற்றுவதற்காக இல்லை. வலி, வியர்வை, மூச்சுத்திணறல் இருக்கும்போது, “முதல் ஈசிஜி நார்மல்தானே” என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்பாதீர்கள். இரண்டாவது ஈசிஜி வரைக்கும் இருங்கள்.