மணல் ஒழுங்கையும் மின்சாரச் சக்கர நாற்காலியும்

வடமராட்சி கிழக்கில் இருக்கும் எங்கள் பெரியம்மாவின் மகனுக்கு, கனடாவில் உள்ள உறவினர் ஒருவர் தாம் பாவித்த மின்சாரச் சக்கர நாற்காலியை அனுப்பியிருந்தார். விறாந்தையில் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. மூன்றாம் நாள், ஒழுங்கையிலிருந்து காப்பெற் வீதிக்கு ஏறுகிற இடத்தில் முன் சில்லு இரண்டும் மேலே எழும்பின. பின்னால் வந்த பக்கத்து வீட்டுப் பெடியன் கைபிடியைப் பிடித்திராவிட்டால் அண்ணையின் பிடரி தாரில் அடிபட்டிருக்கும்.

அன்று பின்னேரமே முற்றத்தில் ஆலோசனை தொடங்கிவிட்டது. "பெரிய சில்லாப் போடுவம் அண்ணை, லான்மாஸ்ரர் ரயர் மாதிரி. பிறகு எங்கையும் ஏறும்," என்றான் பெடியன். எங்கேயும் ஏறும் என்பது உண்மைதான். ஏறின பிறகு நிமிர்ந்து நிற்குமா என்பதுதான் கேள்வி.

மாட்டுவண்டியில் பாரம் ஏற்றிப் பழகியவர்களுக்கு இந்த விஷயத்தில் பாதி ஏற்கெனவே தெரியும். பின்பாரம் கூடினால் நுகம் மேலே எழும்பும். முன்பாரம் கூடினால் மாட்டின் கழுத்து நோகும். சக்கர நாற்காலிக்கும் அதே கணக்குத்தான். நாற்காலியும் ஆளும் சேர்ந்த முழுப் பாரமும் புவியீர்ப்பு மையம் என்ற ஒரு புள்ளியில் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். அந்தப் புள்ளியிலிருந்து மேசனின் தூக்குக்குண்டு ஒன்றைத் தொங்கவிடுவதாக நினையுங்கள். நான்கு சில்லும் நிலத்தைத் தொடும் இடங்களைக் கோடு போட்டு இணைத்தால் ஒரு நாற்கோணம் வரும். குண்டு அதற்குள் நிற்கும்வரை நாற்காலி விழாது. கோட்டைத் தாண்டினால் விழும்.

அண்ணையின் நாற்காலியில் அந்தப் புள்ளி எங்கே இருக்கிறது என்று பார்க்க, வெங்காயம் நிறுக்கும் மேடைத் தராசு ஒன்றை இரவல் வாங்கினோம். அண்ணையை இருத்தி, முன் சில்லுகளை மட்டும் தராசில் ஏற்றி, பின் சில்லுகளை அதே உயரப் பலகையில் வைத்தோம். மொத்தம் 175 கிலோ. முன் சில்லுகளில் 70 கிலோ, அதாவது 40 வீதம். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைத்தூரம் 50 செ.மீ. ஆகவே மையம் பின் அச்சுக்கு முன்னால் 20 செ.மீ. தள்ளி நிற்கிறது. உயரத்தைக் கணக்குப் போட்டுத்தான் எடுக்க வேண்டியிருந்தது. ஆள் 70 கிலோ, ஏறத்தாழ 70 செ.மீ. உயரத்தில். சட்டமும் மோட்டரும் இன்னொரு 70 கிலோ, 35 செ.மீ. உயரத்தில். ஆசனத்துக்குக் கீழே இரண்டு ஈயப் பற்றரிகள் 35 கிலோ, 20 செ.மீ. உயரத்தில். சராசரி 46 செ.மீ.

20 செ.மீ. முன்னால், 46 செ.மீ. உயரத்தில் மையம் இருந்தால், நாற்காலி பின்பக்கம் விழத் தொடங்குவது 23 பாகைச் சரிவைத் தாண்டும்போதுதான். கட்டடங்களுக்குச் சொல்லப்படும் 12க்கு 1 சாய்தளம் 5 பாகைகூட வராது. அப்படியென்றால் ஏன் எழும்பியது?

இரண்டு காரணங்கள். அண்ணை நாற்காலியின் பின்னால் 8 கிலோவில் ஒரு பை கொழுவியிருந்தார். பின் அச்சுக்குப் பின்னால் தொங்கும் அந்த 8 கிலோ, மையத்தை 2 செ.மீ. பின்னுக்கு இழுத்துவிட்டது, 23 பாகை 21க்கும் கீழே இறங்கிவிட்டது. மற்றக் காரணம் ஆர்முடுகல், அதாவது வேகம் கூடுகிற வீதம். வீதி ஓரத்தில் கிறவல் கொட்டிய அந்த ஏற்றம் 4க்கு 1, அதாவது 14 பாகை. அதில் நின்றுகொண்டு ஜோய்ஸ்ரிக்கை ஒரேயடியாக முன்னுக்குத் தள்ளினால் நாற்காலி முன்னே பாயும், உடம்பு பின்னே தங்கும். புவியீர்ப்பின் ஏழில் ஒரு பங்கு ஆர்முடுகல் இருந்தாலே 14 பாகை ஏற்றம் 22 பாகை ஏற்றம்போல் நடந்துகொள்ளும். எல்லை 21.

சக்கர நாற்காலிகளுக்கான ஐ.எஸ்.ஓ. 7176 தரத்தில் நிற்கும்போது உள்ள உறுதிக்கு ஒரு பகுதியும், ஓடும்போது உள்ள உறுதிக்கு வேறொரு பகுதியும் இருப்பது இதனால்தான். அசையாமல் நிற்கும் நாற்காலி தாங்கும் சரிவை ஓடும் நாற்காலி தாங்காது.

இனி பெடியனின் பெரிய சில்லுக்கு வருவோம். பின் சில்லின் ஆரையை 17 செ.மீ.யிலிருந்து 24 ஆக்கி, நாற்காலி மட்டமாக நிற்க முன்பக்கத்தையும் அதே அளவு உயர்த்தினால், எல்லாம் 7 செ.மீ. மேலே போகும். பின்பக்க எல்லை பை இல்லாமலே 21 பாகைக்குக் கீழே வந்துவிடும். மோட்டர் அதே மோட்டர் என்பதால் தள்ளும் விசை குறையும். மணிக்கு 6 கி.மீ. ஓடியது 8.5 கி.மீ. ஓடும். பிறேக்கும் அதே விகிதத்தில் பலம் இழக்கும்.

வேகத்தைப் பலர் பொருட்படுத்துவதில்லை. 1.5 மீற்றர் ஆரையில் 6 கி.மீ. வேகத்தில் திரும்பினால் வெளிப்பக்கம் சாய்க்கும் விசை 11 பாகைப் பக்கச்சரிவுக்குச் சமம். 10 கி.மீ. வேகத்தில் அதே திருப்பம் 27 பாகைக்கு மேல். அண்ணையின் நாற்காலி பக்கவாட்டில் தாங்குவதோ 31. ஒழுங்கையின் ஒரு பக்கம் 5 பாகை சரிந்திருந்தால் கதை முடிந்தது.

பெரிய சில்லு உதவுகிற இடம் முன்பக்கம். 10 செ.மீ. ஆரையுள்ள சின்னச் சில்லு 5 செ.மீ. உயரக் கல்லில் முட்டினால், ஏறுவதற்கு அதன்மேல் உள்ள பாரத்தின் 1.7 மடங்கு விசை வேண்டும். ஆரை 17.5 செ.மீ. என்றால் பாரத்தின் அளவு விசையே போதும். ஆனால் முன் சில்லு சுற்றித் திரும்ப இடம் வேண்டும். பெரிதாக்கினால் கால்தட்டில் முட்டும். நாங்கள் 13 செ.மீ. ஆரையோடு நிறுத்திக்கொண்டோம்.

மணல் வேறு விதமான எதிரி. தாரில் 175 கிலோவை உருட்ட 26 நியூட்டன் அளவு போதும். சொரிமணலில் 300ஐத் தாண்டும். பற்றரி பத்து மடங்கு வேகத்தில் வடிகிறது, மோட்டர் சுடுகிறது. முன் சில்லு புதைந்து, பின் சில்லும் உருள முடியாமல் இறுகிவிட்டால், மோட்டரின் முறுக்கம், அதாவது சுழற்றும் பலம், நாற்காலியின் உடலையே அச்சைச் சுற்றிப் பின்னுக்குத் திருப்பும். சேற்றில் சிக்கிய உழவு இயந்திரம் மூக்கைத் தூக்குவதும் இதனால்தான். புதைந்தால் ஜோய்ஸ்ரிக்கை அமத்தக்கூடாது. வந்த தடத்திலேயே பின்னுக்கு எடுக்க வேண்டும்.

புதையாமல் இருக்க வழி ரயரின் பரப்பு. பின் சில்லு ஒன்றில் 52 கிலோ அளவு நிற்கிறது. காற்று சதுர அங்குலத்துக்கு 35 இறாத்தல் என்றால் ரயர் நிலத்தைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 21 சதுர செ.மீ. 15 இறாத்தலாகக் குறைத்தால் 49. அவ்வளவு குறைவான காற்றைத் தாங்கும் அகல ரயராக இருந்தால்தான் இது சரிவரும். சாதாரண ரயர் றிம்மில் வழுகி வால்வைப் பிடுங்கிவிடும். உடைமுள்ளுக்குப் பயந்து சிலர் ரியூப்புக்குப் பதிலாக நுரை நிரப்புகிறார்கள். மணலில் அது கல்லுப்போல இறுக்கம். ஆனால் பாரம் கூடுவது கீழே என்பதால் உறுதிக்கு நல்லது.

பாரம் கீழே என்றதும் பற்றரி ஞாபகம் வருகிறது. ஈயப் பற்றரிக்குப் பதிலாக 12 கிலோ லிதியம் போட எங்களுக்கும் ஆசை வந்தது. கணக்குப் பார்த்தால் மையம் 46 செ.மீ.யிலிருந்து 50க்கு ஏறுகிறது. பயனில்லாத சுமை என்று நாங்கள் நினைத்த 23 கிலோ ஈயம்தான் கப்பலின் அடிப்பாரம்போல நாற்காலியை நிமிர்த்தி வைத்திருந்தது. லிதியம் போடுகிறவர்கள் அந்தப் பெட்டிக்குள் இரும்புத் தகடு வைத்தால் நல்லது. சொன்னால் சிரிப்பார்கள்.

ஆசனத்தை முன்னுக்கு நகர்த்தினால் பின்னால் விழுவது குறையும், ஆனால் முன்பாரம் கூடி முன் சில்லு மணலில் புதையும். பின் சில்லின் பிடியும் போகும். 3 செ.மீ. நகர்த்திப் பார்த்து, ஒன்றரைக்குத் திரும்பி வந்தோம். பின்னால் பொருத்தும் கவிழ்தடுப்புச் சில்லுகள் கட்டாயம் வேண்டும். ஆனால் வாய்க்காலைக் கடக்கும்போது அவை கரையில் முட்டி, ஓட்டும் சில்லுகளை அந்தரத்தில் தூக்கிவிடும். அண்ணை இப்போது வாய்க்காலைச் சுற்றிப் போகிறார்.

பிறேக் பற்றி ஒன்று. இதன் பிறேக்கை மூடிவைப்பது வில்சுருள், திறப்பது மின்சாரம். மின்சாரம் நின்றால் தானாகப் பூட்டும். கையால் தள்ளுவதற்காக மோட்டரின் நெம்பை இழுத்து விட்டால் அந்தப் பாதுகாப்பும் போய்விடும். சரிவில் உதவிக்கு ஓடி வருகிறவர்கள் முதலில் தொடுவது அந்த நெம்பைத்தான்.

இவ்வளவுக்கும் செலவில்லாத மாற்றந்தான் கூடிய பலன் தந்தது. பை இப்போது ஆசனத்துக்குக் கீழே. நாற்காலியின் கட்டுப்பாட்டுப் பெட்டியை அதற்குரிய கருவி வைத்திருந்த ஒருவரைக் கொண்டு திருத்தி, ஆர்முடுகலையும் திரும்பும் வேகத்தையும் பாதியாகக் குறைத்தோம். இடுப்புப் பட்டி பூட்டாமல் அண்ணை படலையைத் தாண்டுவதில்லை. 20 செ.மீ. உயர வீட்டு வாசலுக்குப் போட்டிருந்த 80 செ.மீ. பலகையை எடுத்துவிட்டு, பனஞ்சிலாகைகளை அடுக்கி 2.4 மீற்றர் நீளத்துக்கு ஒரு சாய்தளம் போட்டோம். அண்ணை அதில் ஏறும்போது ஒவ்வொரு முறையும் கோழிகளைக் கலைக்க வேண்டியிருக்கிறது.