களிமண் முற்றத்தில் செயற்கைப் புல்: மாரிக்கு முன்னர் பார்க்க வேண்டியது கீழ்த்தளத்தை

வன்னியில் முன்பள்ளிகளிலும் விருந்தினர் விடுதிகளிலும், வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊரில் கட்டும் வீடுகளிலும் இப்போது செயற்கைப் புல் விரிக்கிறார்கள். மாரியில் முற்றம் சேறாகிவிடுகிறது, பிள்ளைகள் வெளியே இறங்க முடியவில்லை என்பதே இவ்வேலையைச் செய்து கொடுக்கும் எம்மிடம் பெரும்பாலானோர் சொல்லும் காரணம். நியாயமான காரணம்தான். ஆயினும், புரட்டாதியில் அவசர அவசரமாக மண்ணின்மேல் மணலைப் பரப்பி, அதன்மேல் புல்லை விரித்துவிட்டுக் கார்த்திகையில் எம்மை அழைப்பவர்களின் முற்றங்களைப் பார்க்கும்போது, பணத்தின் பெரும்பங்கு எங்கே போயிருக்க வேண்டும் என்பதை ஒருவரும் அவர்களுக்குச் சொல்லவில்லை என்று தெரிகிறது.

அவ்வாறான ஒரு முன்பள்ளி முற்றத்தில் விரிப்பின் ஒரு மூலையைக் கிளப்பிப் பார்த்தோம். கீழே மணல் என்று தனியாக எதுவும் மிஞ்சவில்லை. போட்ட மணல் களியோடு குழைந்து சாம்பல் நிறச் சேறாகி, விரிப்பின் அடியில் உள்ள நீர்த்துளைகளை அடைத்திருந்தது. மிதித்த இடமெல்லாம் குதிக்கால் புதைந்தது. இரண்டு துண்டுகள் சேரும் இடத்தில் ஒட்டியிருந்த நாடா பசை விட்டுக் கையோடு வந்தது. மேலே புல் மட்டும் பச்சை மாறாமல் இருந்தது.

கணக்கைப் பார்த்தால் காரணம் விளங்கும். 600 சதுர அடி முற்றத்தில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழும் தண்ணீர் ஏறத்தாழ 5,500 லீற்றர். வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் ஒரே நாளில் அவ்வளவு கொட்டுவது இங்கே புதினமல்ல. நனைந்து ஊறிய களியோ மணித்தியாலத்துக்குச் சில மில்லிமீற்றர் நீரைத்தான் உள்ளே விடும். ஆகவே களியைத் தோண்டிச் சல்லியை நிரப்பிவிட்டு நீர் வெளியேற வழி வைக்காவிட்டால், அந்தப் பள்ளம் வாளியைப் போலத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். உறிஞ்சு குழி ஒன்று வெட்டினால் போதும் என்று சில மேசன்மார் சொல்வதுண்டு. மணற்பாங்கான நிலத்தில் அது சரி; களியில் இரண்டாம் மழையோடு குழி நிரம்பிவிடும், பிறகு அது நுளம்புக்குத்தான் உதவும்.

கனடாவிலிருந்து உறவினர் அனுப்பிய காணொளியைக் காட்டி, இதேபோல் செய்து தாருங்கள் என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். அங்கே களிக்குள் நிற்கும் நீர் குளிர்காலத்தில் உறைந்து நிலத்தையே மேலே தூக்கிவிடுவதால், நீர் தங்காத கல்தளத்தை ஆழமாகப் போடுகிறார்கள். எமக்கு உறைபனி இல்லை. ஆனால் மாரியில் களி பருப்பதும் கோடையில் சுருங்கி வெடிப்பதும் உண்டு. மன்னார் மாவட்டத்து முருங்கன் பக்கத்துக் கருங்களியில் இது மிகக் கடுமையானது. எனவே அவர்களுடைய கல்தளத்தைப் பின்பற்றுவதில் தவறில்லை. வேலைக்கான காலத்தை மட்டும் எமது மழையைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

உங்கள் மண் களிதானா என்பதைக் கையாலேயே அறியலாம். ஈரமாக்கிப் பிசைந்த மண்ணைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் நசுக்கி நாடாபோல் வெளியே தள்ளுங்கள். அறுந்து விழாமல் இரண்டு அங்குலத்துக்கு மேல் நீண்டால் அது களி. அத்தகைய முற்றத்தில் குறைந்தது 6 அங்குலமாவது தோண்ட வேண்டும். தோண்டும்போது துருப்பிடித்த இரும்புப் பொருள் எது தென்பட்டாலும் தொடாமல் வேலையை நிறுத்திப் பொலிஸுக்கு அறிவியுங்கள். அது போர்க்கால வெடிபொருளாக இருக்கலாம்; எமது மாவட்டங்களில் இதை விளக்க வேண்டியதில்லை.

தோண்டிய களித்தரைக்கே சரிவு கொடுக்க வேண்டும் என்பதைத்தான் பலர் தவற விடுகிறார்கள். மேலே உள்ள கல்லை மட்டும் சரித்துவிட்டு அடியில் பள்ளத்தை விட்டால் நீர் அங்கேயே நிற்கும். வீட்டிலிருந்து விலகிச் செல்லும்படி, 10 அடிக்கு ஒன்றரை அங்குலம் போதுமானது. அதன்மேல் நெய்யப்படாத ஜியோடெக்ஸ்டைல் துணியை, துண்டுகள் ஓரடி ஒன்றன்மேல் ஒன்று படியும்படி விரிக்க வேண்டும். களி மேலே ஏறிக் கல்லோடு கலப்பதைத் தடுப்பது இந்தத் துணிதான். செலவைக் குறைக்க முதலில் வெட்டப்படுவதும் இதுவே. பொலித்தீன் விரிப்பு அதற்கு ஈடாகாது, அது நீரையும் மறித்துவிடும்.

அடுத்தது கல். எதற்கும் கிரவல் கொட்டிப் பழகிய எமக்கு இங்கேயும் அதுவே நினைவுக்கு வருகிறது. கிரவலில் களித்தூள் கலந்திருப்பதால் இறுக்கியதும் நீரை விடாது. முக்கால் அங்குலச் சல்லியும் மேலே மெல்லிய கல்தூள் படையும் வேண்டும். மூன்று அங்குலத்துக்கு மேற்படாத படைகளாகக் கொட்டி, ஒவ்வொன்றையும் இயந்திரத்தால் இறுக்க வேண்டும். 600 சதுர அடிக்கு 6 அங்குலத் தளம் என்றால் 3 கியூப் (ஒரு கியூப் 100 கன அடி). இறுக்கும்போது அமர்வதால் 4 கியூப்புக்குச் சொல்லிவைப்பது நல்லது. சரிவின் தாழ்ந்த ஓரத்தில் துளையிட்ட குழாயைத் துணியால் சுற்றிப் புதைத்து, வெளி வாய்க்காலுக்குக் கொண்டுசெல்லுங்கள். கிணற்றுப் பக்கம் வேண்டவே வேண்டாம். கூரைப் பீலி நீரும் முற்றத்தில் விழக்கூடாது. அயல் வயலிலிருந்து வெள்ளம் ஏறும் தாழ்ந்த வளவுகளில், 2018 டிசம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் கண்டது போன்ற வெள்ளத்துக்கு எந்தக் கல்தளமும் ஈடுகொடாது. அத்தகையவர்களுக்கு இவ்வேலையை நாம் பரிந்துரைப்பதில்லை.

புல்லிடையே தூவும் மணல் கழுவி உலர்த்திய சிலிக்கா மணலாக இருக்க வேண்டும். உப்புள்ள கடல் மணல் ஆகாது. கோடை நண்பகலில் இவ்விரிப்பு வெறுங்காலைச் சுடும் என்பதால், முன்பள்ளிகள் நிழலையும் சேர்த்தே திட்டமிட வேண்டும். கட்டாக்காலி மாடுகளை வேலி தடுக்குமா என்பதை வீட்டுக்காரரே அறிவார்.

காலத்தைப் பொறுத்தவரை, ஆடி, ஆவணியில் தொடங்கிப் புரட்டாதி நடுவில் முடிப்பது நல்லது. வெடித்துக் காய்ந்த களியை அப்படியே இறுக்காமல், சில நாள் நீர் தெளித்து வெடிப்பு மூடியபின், கையில் ஒட்டாத ஈரத்தில் இறுக்குங்கள். வேலை பாதியில் இருக்க ஐப்பசி மழை பிடித்துவிட்டால், நனைந்த களியின்மேல் றோலரை ஏற்றாமல், போட்ட கல்லைத் தறப்பாளால் மூடி, குழாய் வாயைத் திறந்துவிட்டு மாசி வரை பொறுத்திருங்கள். புல்விரிப்புச் சுருளை அதுவரை நிழலில் வைத்திருப்பதால் அதற்கு ஒரு குறையும் வராது.