28 நாள் காவல்

சஹாராப் பாலைவனத்துக்குத் தெற்கே, செனகலில் தொடங்கி மாலி, புர்கினா ஃபாசோ, நைஜர், சாட் என்று ஆப்பிரிக்காவின் குறுக்கே வறண்ட பட்டை ஒன்று ஓடுகிறது. சஹேல் என்று பெயர். ஆண்டின் பெரும்பகுதி மண் காய்ந்தே கிடக்கும். ஜூன் கடைசியிலோ ஜூலையிலோ மழை இறங்கும். மாட்டுக் குளம்புத் தடத்தில் ஒரு கை நீர் தேங்கினால் போதும். வெயில் படும் அந்த மாதிரிச் சின்னக் குட்டைதான் மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலிஸ் காம்பியே கொசுவுக்குப் பிடித்த இடம். முட்டை கொசுவாகப் பறக்கப் பத்து நாள் சுமார் ஆகும். அதன் பிறகு அக்டோபர், நவம்பர் வரை வீட்டுக்கு வீடு காய்ச்சல்தான்.

கொசு எல்லோரையும்தான் கடிக்கிறது. ஆனால் பெரியவர்களின் உடல் பல மழைக்காலங்களாக மலேரியா ஒட்டுண்ணியோடு மல்லுக்கட்டிப் பழகியது, பெரும்பாலும் தாக்குப்பிடித்துவிடும். பிறந்த குழந்தைக்கு முதல் சில மாதம் தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி ஓரளவு துணை நிற்கும். தாய் தந்தது தீர்ந்து, சொந்தமாக இன்னும் சேராத அந்த இடைப்பட்ட வயதில்தான் சாவு அதிகம். 2023இல் மலேரியாவால் உலகில் சுமார் 5,97,000 பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. இதில் ஆப்பிரிக்கப் பகுதியில் இறந்தவர்களில் நான்கில் மூன்று பங்கு ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள்.

இந்த வயதுக் குழந்தைகளுக்கு, மழைக்காலம் முடியும்வரை மாதம் ஒரு முறை, நோய் இல்லாதபோதே மலேரியா மருந்தை முழு அளவில் கொடுத்துவிடுவதுதான் பருவகால மலேரியாத் தடுப்பு முறை. உலக சுகாதார நிறுவனம் இதை 2012 மார்ச்சில் பரிந்துரைத்தது. நோயே இல்லாத பிள்ளைக்கு மருந்து எதற்கு என்ற கேள்வி நியாயமானது. இந்த மருந்துகள் உடம்பை விட்டு எவ்வளவு மெதுவாகப் போகின்றன என்று பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

‘தடுப்பு’ என்ற சொல்லே இங்கே கொஞ்சம் ஏமாற்றும். மருந்து கொசுவையும் தடுப்பதில்லை, கடியையும் தடுப்பதில்லை. பிளாஸ்மோடியம் ஃபால்சிபாரம் என்ற ஒட்டுண்ணி வழக்கம்போலக் கொசுவின் எச்சிலோடு உள்ளே வரும், கல்லீரலில் ஒளியும், ஒரு வாரம் சத்தமில்லாமல் ஆயிரக்கணக்கில் பெருகும். அந்தக் கூட்டம் ரத்தத்தில் இறங்கிச் சிவப்பணுக்களுக்குள் புகும்போதுதான் காய்ச்சல் கிளம்ப வேண்டும். ஆனால் அங்கே மருந்து முன்கூட்டியே காத்துக் கிடக்கிறது.

மருந்துகள் மூன்று. சல்ஃபடாக்சின், பைரிமெத்தமின் இரண்டும் ஒரே மாத்திரையில் சேர்ந்தே வரும். ஒட்டுண்ணிக்கு டிஎன்ஏ கட்ட ஃபோலேட் என்ற வைட்டமின் வேண்டும். நாம் அதைச் சாப்பாட்டிலிருந்து எடுத்துக்கொள்கிறோம், அது பெரும்பாலும் தானே தயாரித்துக்கொள்கிறது. அந்தத் தயாரிப்பு வரிசையில் ஒரு படியைச் சல்ஃபடாக்சின் அடைக்கும், இன்னொரு படியைப் பைரிமெத்தமின் அடைக்கும். மூன்றாவதான அமோடியாகுயின் வேறு வழியில் அடிக்கிறது. சிவப்பணுவுக்குள் ஹீமோகுளோபினைத் தின்னும் ஒட்டுண்ணிக்கு, மிச்சமாகும் ஹீம் என்ற இரும்புப் பொருள் ஒரு நஞ்சு. அதைப் படிகமாகக் கட்டி ஓரம்தள்ளித்தான் அது பிழைக்கிறது. அமோடியாகுயின் அந்தப் படிகத்தைக் கட்ட விடாது. தின்ற சோற்றின் கழிவிலேயே ஒட்டுண்ணி சாகும்.

அமோடியாகுயின் சில மணி நேரத்தில் கல்லீரலில் உருமாறிவிடும். அந்த உருமாறிய பொருள்தான் வாரக்கணக்கில் ரத்தத்தில் தங்கும். சல்ஃபடாக்சினும் அவசரப்படாது, அதன் அளவு பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். முதல் மூன்று நாளில் மருந்து உச்சத்தில் இருந்து, ஏற்கெனவே உள்ள கிருமியைத் துடைத்துவிடுகிறது. பிறகு நீண்ட வால் போலத் தேய்ந்துகொண்டே போகிறது. அந்த வால்தான் காவல். நான்கு வாரத்தில் அது மெலிந்துவிடும் என்பதால்தான் 28 நாளுக்கு ஒரு தவணை. ஏழு நாடுகளில் திட்டம் நடந்த விதத்தை ஆராய்ந்து 2020இல் வெளியான முடிவுகள் இதை அப்படியே காட்டின: முதல் 28 நாளில் பாதுகாப்பு சுமார் 88 சதவீதம், 29 முதல் 42 நாளுக்குள் சுமார் 61.

உடம்புக்குள் நடக்கும் கதை இது. வீட்டு வாசலில் நடப்பது வேறு. தன்னார்வலர் கதவைத் தட்டுகிறார். பிள்ளைக்கு 3 முதல் 11 மாதமா, 12 முதல் 59 மாதமா என்று கேட்கிறார்; இரண்டாவது பிரிவுக்கு மருந்து இரு மடங்கு. காய்ச்சல் அடித்தால் தடுப்பு மருந்து கிடையாது, முதலில் ரத்தப் பரிசோதனை. காய்ச்சல் இல்லையென்றால் மாத்திரையைச் சிறிது நீரில் கரைத்து ஊட்டுகிறார்கள். பிறகு அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். கக்கிவிட்டால் மறுபடி ஊட்ட வேண்டும். அமோடியாகுயின் கடும் கசப்பு. நீரில் தானே கரையும் இனிப்பு மாத்திரை வந்த பிறகுதான் இந்தப் போராட்டம் குறைந்தது. அட்டையில் குறித்துவிட்டு, வீட்டுச் சுவரில் சாக்பீஸால் ஒரு அடையாளம் போட்டு அடுத்த வாசலுக்குப் போகிறார்.

இரண்டாம் நாள், மூன்றாம் நாள் அமோடியாகுயினைத் தாயே கொடுக்க வேண்டும். வயல் வேலை உச்சத்தில் இருக்கும் மாதங்கள் அவை. பிள்ளை நன்றாக ஓடியாடிக்கொண்டிருக்கும்போது, மாத்திரைக்காக அதைப் பிடித்து வைக்க யாருக்குப் பொறுமை இருக்கும்? இந்த முறையின் பலவீனமான இடம் இதுதான் என்பேன். அப்படியிருந்தும் 2012இல் இரண்டு லட்சத்துக்கும் குறைவாக இருந்த, மருந்து பெறும் குழந்தைகளின் எண்ணிக்கை 2023இல் ஒரு தவணைக்குச் சராசரி 5.3 கோடியாக ஏறியது.

காக்கிற வாலிலேயே ஆபத்தும் இருக்கிறது. மருந்து தேய்ந்து தேய்ந்து போகும் கடைசி நாட்களில், கொல்லப் போதாத அளவு ஒட்டுண்ணியின் மேல் படுகிறது. எதிர்க்கத் தெரிந்தவை மட்டும் பிழைக்கும். கிழக்கு, தெற்கு ஆப்பிரிக்காவில் சல்ஃபடாக்சின்–பைரிமெத்தமினுக்கு மசியாத மரபு மாற்றங்கள் ஏற்கெனவே பரவிவிட்டதால்தான் முதல் பரிந்துரை சஹேலோடு நின்றது. வெவ்வேறு வழியில் கொல்லும் மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பதற்கும் இதுவே காரணம்: ஒன்றிடம் தப்பியதை மற்றது பிடிக்க வேண்டும். இந்தத் தடுப்பு முறை நடக்கும் ஊர்களில் காய்ச்சலுக்குச் சிகிச்சை தரும்போது அமோடியாகுயின் கலந்த மருந்தைத் தவிர்க்கச் சொல்வதும் அந்தக் கவலையால்தான். ஆனால் மொசாம்பிக்கின் வடக்கிலும் உகாண்டாவின் கரமோஜாவிலும் முயன்று பார்த்தபோது, எதிர்ப்பு இருந்தும் குழந்தைகளுக்கு நல்ல பாதுகாப்பு கிடைத்தது. 2022இல் உலக சுகாதார நிறுவனம் வயது, இடம், தவணை ஆகிய கறாரான வரம்புகளைத் தளர்த்தி, முடிவை அந்தந்த நாட்டிடம் விட்டது.

தடுப்பூசி வந்த பிறகும் மாத்திரையின் வேலை போகவில்லை. புர்கினா ஃபாசோவிலும் மாலியிலும் சுமார் 6,000 குழந்தைகளிடம் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், ஆர்டிஎஸ்,எஸ் என்ற மலேரியாத் தடுப்பூசியை மழைக்கு முன்னால் போட்டு மாத்திரையும் கொடுத்தபோது, மாத்திரை மட்டும் கொடுத்ததைவிடக் கடும் மலேரியாவுக்காக மருத்துவமனையில் சேர்வது சுமார் 70 சதவீதம் குறைந்தது.

பெரும்பாலான ஊர்களில் நான்கு தவணை. கடைசி வால் தேயும்போது குட்டைகளும் வற்றியிருக்கும் என்பதுதான் கணக்கு. மழை முன்னதாகவே தொடங்கி நீண்டு பெய்யும் மாவட்டங்களில் அந்தக் கணக்கு உதைக்கிறது; அங்கெல்லாம் தன்னார்வலர் ஐந்தாவது முறையும் கதவைத் தட்டுகிறார்.