கோடை ஆய்வுக்கு ஐப்பசியிலேயே விண்ணப்பிக்க வேண்டும்

ஏப்ரல் பிறந்ததும் என் அறை வாசலில் நாலைந்து பிள்ளைகள் வந்து நிற்பார்கள். "மேடம், லீவுல ஏதாவது ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போகணும், எங்க அப்ளை பண்றது?" ராமநாதபுரம் கடற்கரைப் பிள்ளைகளுக்கு 15 ஆண்டுகளாக உயிர்த்தொழில்நுட்பம் சொல்லிக்கொடுக்கிறேன். ஏப்ரலில் இந்தக் கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இருந்ததே இல்லை. பெரிய திட்டங்களின் கதவு ஐப்பசி, கார்த்திகையிலேயே சாத்திவிடும்.

பெங்களூரு, டெல்லி, பிரயாக்ராஜ் ஆகிய ஊர்களில் உள்ள மூன்று அறிவியல் அகாதெமிகளும் சேர்ந்து கோடைக்கால ஆய்வுத் திட்டம் ஒன்றை நடத்துகின்றன. தேர்வானால் 2 மாதம் ஒரு விஞ்ஞானியின் ஆய்வகத்தில் வேலை செய்யலாம், உதவித்தொகையும் உண்டு. பெங்களூரு ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையமும் இப்படி மாணவர்களை எடுக்கிறது. தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும். செப்டம்பரிலிருந்தே அவர்களுடைய இணையதளத்தைப் பார்த்துவாருங்கள்.

மதிப்பெண்ணைவிட நம் பிள்ளைகள் தடுக்கி விழுவது, என்ன ஆய்வு செய்ய விரும்புகிறாய் என்று கேட்கும் அந்த ஒரு பக்கத்தில்தான். பாசி எடுக்கும் அம்மாவின் மகள் ஒருத்தி எழுதிவந்தாள்: "மூலக்கூறு உயிரியலில் எனக்கு மிகுந்த ஆர்வம் உண்டு." அந்த ஆண்டு கிடைக்கவில்லை. மறு ஆண்டு உட்காரவைத்து, "ஏம்மா, உனக்கு நிஜமாவே புரியாதது எது?" என்று கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "எங்கம்மா எல்லாத்தையும் கஞ்சிப்பாசின்னுதான் சொல்றாங்க மேடம். பாறையில இருக்கிறது ஒரு மாதிரி, மணல்ல இருக்கிறது வேற மாதிரி. ரெண்டும் ஒண்ணுதானா?"

ஒளி, அலை, ஆழம் மாறினால் ஒரே இனப் பாசியின் உருவமே மாறிப்போகும். கண்ணால் பார்த்து இனம் பிரிப்பது கடினம். டிஎன்ஏவைப் பிரித்தெடுத்து, குறிப்பிட்ட ஒரு மரபணுப் பகுதியை பிசிஆர் என்ற நகலெடுக்கும் முறையில் பெருக்கி, அதன் வரிசையை ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும். அந்தக் கேள்வியைத்தான் எழுதினாள். கிடைத்தது.

போகுமுன் கை பழக வேண்டுமே. டிஎன்ஏ துண்டுகளைப் பிரித்துப் பார்க்க, அகரோஸ் என்ற பொடியைக் காய்ச்சி ஜெல்லாக உறையவைத்து, அதன் குழிகளில் டிஎன்ஏவை இறக்குவோம். எங்கள் ஆய்வகத்தில் அந்த அகரோஸை அள்ளிச் செலவழிக்க முடியாது. கடையில் கடல்பாசி வாங்கினேன், கீழக்கரைப் பக்கம் நோன்பு திறக்க வைப்பார்களே, அதேதான். காய்ச்சி ஊற்றி, சீப்பைச் செருகிக் குழி எடுத்து, உறைந்ததும் தண்ணீரில் மூழ்கவைத்தேன். கேசரிப் பவுடர் கலந்த சர்க்கரைப்பாகை மிகச் சிறு அளவை அளந்து விடும் மைக்ரோபிப்பெட்டால் குழிக்குள் இறக்கச் சொன்னேன். பாகு கனமானது, கை நடுங்காவிட்டால் நேரே குழியில் போய் உட்காரும். முதல் நாள் குத்திக் கிழித்தாள், நாலாம் நாள் ஒரு சொட்டு சிந்தவில்லை. அகரோஸும் சிவப்புப் பாசியிலிருந்து வருவதுதான் என்றதும், "அப்ப எங்கம்மா எடுக்கிறதா மேடம்!" என்று அவள் முகம் மலர்ந்ததை மறக்க மாட்டேன்.

வீட்டில் சம்மதம் வாங்குவதுதான் பெரும்பாடு. ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். படகு வேலையை நம்பிய வீடுகளில் கையில் காசு புழங்காத அந்த நேரத்தில்தான் பிள்ளை பெங்களூரு போகிறேன் என்று நிற்கும். பணம் கட்டிப் போகிற படிப்பு என்று பெற்றோர் பயப்படுகிறார்கள். உதவித்தொகை வரும் என்பதையும், தங்குமிடம் எப்படி என்பதையும் ஆசிரியர் நேரில் போய்ச் சொல்ல வேண்டும். நான் போகிறேன்.

இதற்கு நேர்மாறாக, ஒரு வாரம் வேடிக்கை காட்டிவிட்டு ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு சான்றிதழ் நீட்டும் இடங்களும் இருக்கின்றன. என் மாணவன் ஒருவன் அக்காவின் தோட்டை அடகு வைத்து அப்படி ஓரிடத்தில் சேர்ந்தான். பிப்பெட்டைத் தொடவே விடவில்லை. பணம் கேட்டால் என்னிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

பரிந்துரைக் கடிதத்துக்குக் கடைசி நாள் மாலையில் வராதீர்கள். மூன்று வாரம் முன்பே, உங்கள் கேள்வியைத் தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். தமிழில் எழுதியிருந்தாலும் சரி, ஆங்கிலமாக்கச் சேர்ந்து உட்காரலாம்.