கேபிள் நிறுவனம் ஒன்றே ஒன்றா? செயற்கைக்கோள் இணைப்பு வாங்கும் முன்

"எங்கள் பகுதிக்கு ஒரே ஒரு நிறுவனம்தான் இணையக் கேபிள் இழுத்திருக்கிறது. அடிக்கடி நின்றுபோகிறது. பேசாமல் சாட்டிலைட் இணைப்பு வாங்கிவிடலாமா?" நெட்வொர்க் பணியில் நான் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. வாங்கலாம். ஆனால் கோளாறு எங்கே என்று தெரிந்துகொண்ட பிறகு வாங்குங்கள்.

மடிக்கணினியை ரவுட்டரில் கேபிள் வழியாக நேரடியாக இணைத்து, அதிகாலையிலும் இரவு நேரத்திலும் வேகத்தைச் சோதியுங்கள். கேபிளில் நன்றாக ஓடி வைஃபையில் மட்டும் திணறினால், எந்த நிறுவனத்துக்கு மாறினாலும் அந்தத் திணறல் கூடவே வரும். காலையில் வேகமாக இருந்து இரவில் மட்டும் படுத்துவிட்டால், பெரும்பாலும் நிறுவனத்தின் பக்கம்தான் நெரிசல். அப்போது மாற்று தேடுவதில் நியாயம் இருக்கிறது.

எல்லா சாட்டிலைட் இணைப்பும் ஒன்றல்ல. பழைய வகைச் செயற்கைக்கோள்கள் பூமியிலிருந்து 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்பவை. நாம் அனுப்புவது மேலே போய் இறங்கி, பதிலும் அதே வழியில் வந்து சேர, ஒளியின் வேகத்திலேயே ஏறக்குறைய அரை விநாடி ஆகிவிடும். எவ்வளவு விலையுயர்ந்த திட்டம் எடுத்தாலும் இது குறையாது. படம் பார்க்கலாம், வீடியோ அழைப்பில் ஒருவர் பேச்சில் மற்றவர் இடறிக்கொண்டே இருப்பார். ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஸ்டார்லிங்க் போன்ற புதிய வகைச் செயற்கைக்கோள்கள் சுமார் 550 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுவதால் தாமதம் பெரும்பாலும் 25 முதல் 60 மில்லி விநாடிக்குள் அடங்குகிறது.

தாழ்வாகச் சுற்றுவதில் வேறொரு சங்கடம் உண்டு. அந்தச் செயற்கைக்கோள் ஏறக்குறைய 95 நிமிடத்தில் பூமியையே சுற்றிவிடும். வீட்டில் வைக்கும் டிஷ் ஆன்டெனா, ஒரு செயற்கைக்கோளை விட்டு அடுத்ததைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும்; அதற்குத் திறந்த வானம் வேண்டும். ஒரு மரக்கிளை குறுக்கே வந்தாலும் சில விநாடிகள் இணைப்பு அறுபடும். திரைப்படத்தில் அது தெரியாது, வீடியோ வழி நேர்காணலில் தெரியும். ஸ்டார்லிங்க் செயலியிலேயே தடைகளைச் சோதிக்கும் வசதி இருக்கிறது; வாங்கும் முன்பே டிஷ் வைக்கப்போகும் இடத்தில் நின்று பார்த்துவிடுங்கள். கனமழையில் சிக்னல் பலவீனமாகும். சாதாரணத் திட்டங்களில் பொது ஐபி முகவரியை, அதாவது வெளியிலிருந்து நம் இணைப்பைத் தேடி வர உதவும் எண்ணைப் பலர் பகிர்ந்துகொள்வதால், கண்காணிப்புக் கேமராவை வெளியிலிருந்து நேரடியாகத் திறப்பதும் சிக்கலாகலாம்.

இத்தனைக்கும் பிறகு நான் இதைப் பரிந்துரைப்பதற்குக் காரணம், அது வரும் பாதை கேபிளிலிருந்து தனி என்பதுதான். இரண்டு கேபிள் நிறுவனங்கள் இருந்தாலும் இரண்டும் ஒரே கம்பத்தில், ஒரே குழாயில் வரலாம். ஒரு பள்ளம் தோண்டினால் இரண்டும் போய்விடும். 2022 ஜனவரியில் எரிமலை வெடித்து டோங்கா தீவுநாட்டை வெளியுலகோடு இணைத்த ஒரே கடலடிக் கேபிள் அறுந்தது. அதைச் சரிசெய்யச் சுமார் ஐந்து வாரங்கள் ஆயின. அதுவரை வெளித்தொடர்புக்கு வழி செயற்கைக்கோள்தான்.

ஆனால் செயற்கைக்கோள் சேவையும் விழும். 2025 ஜூலை 24 அன்று மென்பொருள் கோளாறால் ஸ்டார்லிங்க் உலகெங்கும் சுமார் இரண்டரை மணி நேரம் நின்றது. ஆகவே கோபத்தில் பழைய கேபிளைத் துண்டித்துவிடாதீர்கள். முடிந்தால் அதைக் குறைந்த திட்டத்துக்கு இறக்கி வைத்துக்கொண்டு, இரண்டு இணைப்பையும் ஏற்கும் ரவுட்டரில் சேர்த்துவிடுங்கள். அவ்வப்போது ஒன்றைக் கழற்றிவிட்டு, மற்றது தானாக வேலையை எடுத்துக்கொள்கிறதா என்றும் பாருங்கள்.