ஏரோது திடீரென்று ராஜாவாகும் வசனம்

‘நற்செய்தி நூல்களுக்குப் பின்னால் தொலைந்துபோன ஒரு நூல் இருந்ததாமே, அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?’ என்று வாசகர் ஒருவர் கேட்கிறார். யாரும் கண்டுபிடிக்கவில்லை. அதன் ஒரு துண்டுகூட இதுவரை கிடைத்ததில்லை. அது ஓர் ஊகம். ஆனால் வசனம் வசனமாக ஒப்பிட்டு எட்டிய ஊகம்.

1770களில் கிரீஸ்பாக் என்ற ஜெர்மானிய அறிஞர் மத்தேயு, மாற்கு, லூக்கா மூன்றையும் அடுத்தடுத்த பத்திகளில் அச்சிட்டார். இயேசு பேசியது அரமேயம், நூல்களோ கிரேக்கம். ஆளுக்கு ஆள் கேட்டதைத் தனித்தனியே எழுதியிருந்தால், இவற்றில் இருப்பதுபோல் வரிக்கு வரி ஒரே கிரேக்கச் சொற்கள் வராது. இயேசு பேசிக்கொண்டிருக்கும்போதே நடுவில் ‘வாசிக்கிறவன் சிந்திக்கக்கடவன்’ என்று ஒரு குறிப்பு வருகிறது (மாற்கு 13:14). கேட்பவர்களிடம் அப்படிச் சொல்ல இடமில்லை. மத்தேயுவிலும் அதே குறிப்பு அதே இடத்தில் இருக்கிறது (24:15). ஆக, எழுத்தைப் பார்த்து எழுத்து பிறந்திருக்கிறது.

யாரைப் பார்த்து யார் எழுதினார்? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த உத்தி வருகிறது. 1998இல் மார்க் குட்ஏக்கர் என்ற விவிலிய அறிஞர் அதை விரிவாக முன்வைத்தார். மூலத்தை எதிரே வைத்துக்கொண்டு எழுதுபவர் கதையின் தொடக்கத்தில் விழிப்போடு திருத்துவார். போகப்போகக் கவனம் தளரும். திருத்தியதை மறந்து, மூலத்தில் உள்ளதை அப்படியே எழுதிவிடுவார்.

யோவான் ஸ்நானகன் கொல்லப்படும் கதையைப் பாருங்கள். மாற்கு ஆறாம் அதிகாரத்தில் ஏரோதுவைத் திரும்பத் திரும்ப ‘ராஜா’ என்கிறார். அது வரலாற்றுப் பிழை. ஏரோது அந்திப்பா ஒருபோதும் அரசன் அல்ல. அந்தப் பட்டத்தைக் கேட்கப் போய்தான் கி.பி. 39இல் நாடு கடத்தப்பட்டான். மத்தேயு இதைத் திருத்தி, அரசனுக்குக் கீழ்ப்பட்ட பட்டமான ‘காற்பங்கு தேசாதிபதி’ என்று தொடங்குகிறார் (14:1). ஒன்பதாம் வசனத்தில் ‘ராஜா’ வந்துவிடுகிறது.

அதே வசனத்தில் இன்னொரு தடயமும் உண்டு. மாற்கின் கதையில் யோவானைக் கொல்லத் துடிப்பவள் ஏரோதுவின் மனைவி ஏரோதியாள். ஏரோது அவரைப் பாதுகாக்கிறான். அதனால் தலையைக் கேட்டதும் அவன் துக்கப்படுவது பொருந்துகிறது. மத்தேயுவிலோ கொல்ல விரும்புபவனே ஏரோதுதான் (14:5). நான்கு வசனம் கழித்து ‘ராஜா துக்கமடைந்தான்’ என்கிறார். ஏன் துக்கம்? மாற்கைப் படித்தால்தான் விடை கிடைக்கும். ‘ராஜா’ மட்டும் என்றால் பேச்சுவழக்கு என்று தள்ளிவிடலாம். பட்டமும் துக்கமும் ஒரே இடத்தில் சேர்ந்து நழுவியிருப்பதுதான் சான்றுக்கு வலு. மாற்கு முந்தியது, மத்தேயு பிந்தியது என்று திசை தெரிகிறது.

மாற்கில் இல்லாமல் மத்தேயுவுக்கும் லூக்காவுக்கும் பொதுவாக ஏறத்தாழ 230 வசனங்கள் உள்ளன. இவற்றுக்காகத்தான் 1838இல் கிறிஸ்டியன் வைஸ என்ற அறிஞர், இருவரும் இப்போது தொலைந்துபோன ஒரு போதனைத் தொகுப்பைப் பயன்படுத்தினார்கள் என்றார். பிற்காலத்தில் அதற்குக் ‘கியூ’ என்று பெயர் வந்தது. லூக்கா மத்தேயுவையே பார்த்தார், கியூ வேண்டியதில்லை என்று 1955இல் ஆஸ்டின் ஃபேரர் மறுத்தார்.

ஊழியக்காரரிடம் பணம் கொடுத்துவிட்டுப் போன எஜமானின் உவமையில் இரு தரப்பும் மோதுகின்றன. மத்தேயுவில் மூன்று ஊழியர்கள். ஐந்து தாலந்து வாங்கியவன் இன்னும் ஐந்து சம்பாதிக்கிறான், மொத்தம் பத்து. லூக்கா பத்து ஊழியர்களை அழைத்து ஆளுக்கு ஒரு ராத்தல் (தாலந்து போல இதுவும் பண அளவுதான்) கொடுக்கிறார் (19:13). கணக்குக் கொடுக்க வருபவர்கள் மூன்றே பேர். ஒரு ராத்தலை வைத்துப் பத்து சம்பாதித்தவனிடம் இப்போது பதினொன்று இருக்க வேண்டும். லூக்காவோ அவனைப் ‘பத்து ராத்தல் உள்ளவன்’ என்கிறார் (19:24). மத்தேயுவின் கூட்டுத்தொகை அது!

இதனால் கியூ பொய்த்துவிட்டதா? இல்லை. மூன்று ஊழியர் கதை கியூவிலேயே இருந்து, அதை லூக்கா மாற்றத் தொடங்கி வழுவியிருக்கலாம். மத்தேயுவின் மூன்று அதிகார மலைப்பிரசங்கத்தை லூக்கா ஏன் துண்டுதுண்டாகச் சிதறடித்தார் என்ற கேள்வியும் ஃபேரர் தரப்பைத் துரத்துகிறது. ஆனால் இந்தப் பொதுப் பகுதிகளில் தளர்ச்சி லூக்காவிடம் மட்டுமே தெரிகிறது, மத்தேயுவிடம் இல்லை என்கிறார் குட்ஏக்கர். எனக்கு ஃபேரர் பக்கம் சாய்வு அதிகம்.

ரோமப் பேரரசர்கள் திட்டமிட்டு நற்செய்திகளை எழுதவைத்தார்கள் என்பது போன்ற புத்தகங்கள் நன்றாக விற்கின்றன. அவை காட்டுவது வெறும் ஒற்றுமைகள். யூதப் போரைப் பற்றி முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் எழுதியதற்கும் நற்செய்திக்கும் நூறு ஒற்றுமை காட்டினாலும், எது எதிலிருந்து வந்தது என்று காட்டும் தடயம் இல்லாவிட்டால் அது நிரூபணம் ஆகாது. ஒத்த காலம், ஒத்த நிலம், ஒத்த மொழி. ஒற்றுமை இல்லாவிட்டால்தான் வியப்பு.

2012இல் பரபரப்பான ‘இயேசுவின் மனைவி’ பாப்பிரஸ் துண்டு சிக்கியதும் படியெடுத்த பிழையால்தான். பாப்பிரஸ் பழையது, எழுத்து புதியது. பைபிளில் சேராத தோமா நற்செய்தியின் இணையப் பதிப்பு ஒன்றில் ஒரேயொரு காப்டிக் (பழைய எகிப்திய மொழி) எழுத்து விடுபட்டிருந்தது. அதே விடுபாடு இந்தத் துண்டிலும் இருந்தது.

எகிப்தின் ஆக்சிரிங்கஸ் குப்பைமேட்டில் கிடைத்த லட்சக்கணக்கான துண்டுகளில் சிறு பங்கே பதிப்பாகியுள்ளது. தோமா நற்செய்தியின் கிரேக்கத் துண்டு முதலில் கிடைத்ததும் அங்கேதான், 1897இல். தொலைக்காட்சி மர்மத் தொடர்களுக்குப் போகும் பணத்தில் ஒரு பகுதி அந்தத் துண்டுகளைப் படிப்பவர்களின் சம்பளத்துக்குப் போக வேண்டும். அந்த 230 வசனங்களில் சில, மாற்கின் கதை கலக்காமல், மத்தேயுவும் லூக்காவும் தங்கள் கைவண்ணமாகச் சேர்த்த சொற்கள் எதுவும் இல்லாமல், அவர்களுக்கு முந்திய ஒரு துண்டில் கிடைத்தால் மட்டுமே கியூ ஊகம் என்ற நிலையைத் தாண்டும்.