அவை இல்லாத நாளில் குழு கூடலாமா?

மக்களவை தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்பட்டது என்று செய்தி வரும். அடுத்த சில நாட்களிலேயே ஏதோ ஒரு நாடாளுமன்றக் குழு டெல்லியில் கூடி அமைச்சக அதிகாரிகளைக் கேள்வி கேட்டதாக இன்னொரு செய்தி வரும். அவையே நடக்காதபோது குழு மட்டும் எப்படிக் கூடுகிறது, அது செல்லுமா என்ற சந்தேகம் பலருக்கும் வருகிறது. விதிப்புத்தகத்தில் இதற்குப் பதில் தெளிவாகவே இருக்கிறது: கூடலாம், செல்லும். சண்டை கிளம்புவது வேறு இடத்தில். எந்தத் தேதியில், எந்த இடத்தில் கூடுவது, அதை யார் முடிவு செய்வது என்பதில்தான் ஒவ்வொரு முறையும் முட்டிக்கொள்கிறார்கள்.

முதலில் "அவை இல்லை" என்று நாம் பொதுவாகச் சொல்வதில் மூன்று நிலைகள் உண்டு. ஒத்திவைப்பு என்பது அன்றைய அமர்வை நிறுத்தி, வேறொரு நாளுக்கோ தேதி சொல்லாமலோ தள்ளிவைப்பது. இதைச் சபாநாயகர் செய்கிறார். முடித்துவைப்பு என்பது அந்தக் கூட்டத்தொடரையே குடியரசுத் தலைவர் முடித்து வைப்பது; அரசமைப்புச் சட்டத்தின் 85ஆவது பிரிவு இந்த அதிகாரத்தைத் தருகிறது. கலைப்பு என்றால் மக்களவையின் ஆயுளே முடிந்தது, அடுத்தது தேர்தல். முதல் இரண்டு நிலைகளிலும் குழுக்களுக்கு ஒன்றும் ஆகாது. மூன்றாவதில் மக்களவையோடு சேர்ந்து அதன் குழுக்களும் போய்விடும்.

மக்களவை நடைமுறை விதி 284 இதைச் சொல்கிறது: கூட்டத்தொடர் முடித்துவைக்கப்பட்டது என்ற ஒரே காரணத்தால் குழுவின் முன் இருக்கும் வேலை காலாவதி ஆகாது, குழு தொடர்ந்து இயங்கும். படிக்கும்போது சாதாரணமாகத் தோன்றும் இந்த விதியின் அருமை தெரிய வேண்டுமானால் பிரிட்டனைப் பார்க்க வேண்டும். நம் நாடாளுமன்ற நடைமுறைக்குப் பிறந்த வீடு அது. அங்கே சாதாரண இடைவேளையில் குழுக்கள் கூடும். ஆனால் கூட்டத்தொடர் முடித்துவைக்கப்பட்டால் கூட முடியாது. 2019 செப்டம்பரில் போரிஸ் ஜான்சன் அரசு ஐந்து வாரங்களுக்கு நாடாளுமன்றத்தை முடித்துவைத்தபோது, பிரெக்ஸிட் நெருக்கடிக்கு நடுவே குழுக்களும் சேர்ந்து வாயடைத்துப் போயின. குழுக்களில் சாட்சியம் கேட்க முடியாமல் போனதையும் குறிப்பிட்ட பிரிட்டன் உச்ச நீதிமன்றம், 11 நீதிபதிகளும் ஒருமனதாக, அந்த முடிவு செல்லாது என்றது. இங்கே அரசு கூட்டத்தொடரைச் சீக்கிரம் முடித்துக்கொண்டாலும் குழுவின் கதவை அதனால் சாத்த முடியாது.

சொல்லப்போனால், அவைக்கு விடுமுறை விடுவதே குழுக்கள் வேலை செய்யத்தான் என்ற ஏற்பாடும் நம்மிடம் இருக்கிறது. பட்ஜெட் மீதான பொது விவாதம் முடிந்ததும் இரு அவைகளும் குறிப்பிட்ட காலத்துக்கு ஒத்திவைக்கப்படும் என்றும், அந்த இடைவெளியில் துறைசார் நிலைக்குழுக்கள் அமைச்சகங்களின் மானியக் கோரிக்கைகளை, அதாவது ஒவ்வோர் அமைச்சகமும் செலவுக்குக் கேட்கும் தொகையை, பரிசீலித்து அறிக்கை தர வேண்டும் என்றும் விதி 331-ஜி சொல்கிறது. கூடுதல் அவகாசம் கேட்கக் கூடாது என்ற கண்டிப்பும் அதிலேயே உண்டு. 2025இல் பட்ஜெட் கூட்டத்தொடரின் முதல் பகுதி பிப்ரவரி 13 அன்று முடிந்து, இரண்டாம் பகுதி மார்ச் 10 அன்று தொடங்கியது இப்படித்தான். பள்ளிக்கு லீவு விட்ட பிறகும் விடைத்தாள் திருத்துகிற வாத்தியாருக்கு லீவு கிடையாது அல்லவா, அதுபோல. அவை திரும்பக் கூடியதும் நான்கைந்து அமைச்சகங்களின் செலவைத்தான் விவாதிக்க நேரம் இருக்கும். மற்றவை 'கில்லட்டின்' முறையில் விவாதமே இல்லாமல் மொத்தமாக நிறைவேறும். அந்த அமைச்சகங்களின் கணக்கை யாராவது வரி வரியாகப் பார்த்திருந்தால், அது இந்த இடைவேளைக் கூட்டங்களில்தான்.

இந்த நிலைக்குழுக்கள் 1993இல் தொடங்கியவை. இன்று 24 இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் 31 பேர்: மக்களவையிலிருந்து 21, மாநிலங்களவையிலிருந்து 10.

இனி சண்டைக்கு வருவோம். விதி 264இன்படி, குழு எந்த நாளில், எத்தனை மணிக்குக் கூடும் என்பதைக் குழுத் தலைவர் முடிவு செய்கிறார். அரசைக் கேட்க வேண்டியதில்லை. உறுப்பினர்களின் வாக்கெடுப்பும் தேவையில்லை. இந்த அதிகாரத்துக்கு இருக்கிற ஒரே பிரேக் கோரம், அதாவது கூட்டம் செல்லத் தேவையான குறைந்தபட்ச வருகைதான். மொத்த உறுப்பினர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பேர் வர வேண்டும். 2021 ஜூலை 28 அன்று சசி தரூர் தலைமையிலான தகவல் தொழில்நுட்ப நிலைக்குழுக் கூட்டத்துக்கு பாஜக உறுப்பினர்கள் வந்தார்கள், ஆனால் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடவில்லை. கோரம் இல்லை, கூட்டமும் இல்லை. பெகாசஸ் உளவு மென்பொருள் விவகாரம் கொதித்துக்கொண்டிருந்த நேரம் அது. அப்போது கூட்டத்தொடர் நடந்துகொண்டிருந்தது என்றாலும், இந்த உத்தி இடைவேளையில் இன்னும் சுலபமாகப் பலிக்கும். எம்.பி.க்கள் அவரவர் தொகுதியில் இருப்பார்கள். டெல்லிக்கு வராமல் இருக்கக் காரணம் தேட வேண்டியதே இல்லை. அடுத்தடுத்து இரண்டு கூட்டங்களுக்குத் தலைவரின் அனுமதி இல்லாமல் வராதவரைக் குழுவிலிருந்து நீக்க விதி 260இல் வழி உண்டு. ஆனால் வந்து கையெழுத்துப் போடாதவரை என்ன செய்வது என்பதற்கு எந்த விதியும் இல்லை.

தேதிச் சண்டை எதிர்த் திசையிலும் நடக்கும். வக்ஃப் திருத்த மசோதாவை ஆராய்ந்த கூட்டுக்குழுவில் தலைவர் ஜெகதாம்பிகா பால் ஆளுங்கட்சிக்காரர். 2024 டிசம்பர் 20 அன்று குளிர்காலக் கூட்டத்தொடர் முடிந்து, அடுத்தது ஜனவரி 31 அன்று தொடங்கவிருந்த இடைவெளியில் குழு வேகமாகக் கூடியது. படிக்க நேரம் தரவில்லை, நிகழ்ச்சி நிரலைக் கடைசி நேரத்தில் மாற்றுகிறார்கள் என்று எதிர்க்கட்சிகள் கொதித்தன. 2025 ஜனவரி 24 கூட்டத்தில் அமளி முற்றி, ஆ.ராசா, எம்.எம்.அப்துல்லா உட்பட 10 எதிர்க்கட்சி உறுப்பினர்கள் அன்றைய நாளுக்கு இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். இடைவேளையில் கூடியது தவறு என்று யாரும் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். புகார் முழுக்க அவசரத்தைப் பற்றியது. கூட்டத்துக்கு எத்தனை நாள் முன்னதாக ஆவணங்கள் உறுப்பினர் கைக்குப் போக வேண்டும் என்பதை மீற முடியாத விதியாக எழுதிவைக்காதவரை, தலைவர் எந்தக் கட்சி என்பதைப் பொறுத்து இந்தப் புகார் கைமாறிக்கொண்டே இருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இடத்தைப் பற்றிய சண்டை 2020இல் நடந்தது. கொரோனாவால் மார்ச் 23 அன்று ஒத்திவைக்கப்பட்ட நாடாளுமன்றம் செப்டம்பர் 14 அன்றுதான் மறுபடி கூடியது. இரண்டு கூட்டத்தொடர்களுக்கு நடுவே ஆறு மாதம் தாண்டக் கூடாது என்ற அரசமைப்பு வரம்பை ஒட்டிய இடைவெளி. ஊரடங்கின்போது சசி தரூர், ஆனந்த் சர்மா போன்ற குழுத் தலைவர்கள் வீடியோ வழியாகக் கூட அனுமதி கேட்டார்கள். மக்களவை சபாநாயகர் ஓம் பிர்லாவும் அப்போதைய மாநிலங்களவைத் தலைவர் வெங்கையா நாயுடுவும் அனுமதிக்கவில்லை. குழு நடவடிக்கைகள் ரகசியம், வீடியோ இணைப்பில் அதைக் காப்பது கடினம், விதியை மாற்ற அவையின் ஒப்புதல் வேண்டும் என்பது காரணம். ஜூலையில்தான் குழுக்கள் இடைவெளி விட்ட இருக்கைகளுடன் நேரில் கூடின.

அந்தக் காரணம் எனக்கு அரைகுறையாகவே படுகிறது. குழு நாடாளுமன்ற வளாகத்துக்குள் கூட வேண்டும் என்கிற விதி 267, வெளியே கூட நேர்ந்தால் சபாநாயகர் முடிவே இறுதி என்றும் சேர்த்தே சொல்கிறது. அதாவது சாவி சபாநாயகர் கையிலேயே இருந்தது. பிரிட்டன் மக்களவை அதே மார்ச் மாதத்தில் தன் குழுக்களுக்கு வீடியோ அனுமதி கொடுத்துவிட்டது. புலம்பெயர் தொழிலாளர்கள் நெடுஞ்சாலையில் நடந்துகொண்டிருந்த மாதங்களில் உள்துறை அதிகாரிகளை ஒரு குழுவும் உட்காரவைத்துக் கேட்கவில்லை.

குழுவே இல்லாத காலமும் உண்டு; பலர் கவனிக்காத ஓட்டை இது. நிலைக்குழுவின் ஆயுள் ஓராண்டுதான். புதிதாக அமைக்கும்வரை கூடுவதற்கு ஆளே இருக்காது. 2024 ஜூனில் புதிய மக்களவை வந்தது, நிலைக்குழுக்கள் அமைந்தது செப்டம்பர் கடைசியில். ஜூலை பட்ஜெட்டின் மானியக் கோரிக்கைகள் எந்த நிலைக்குழுவின் கண்ணிலும் படாமலே நிறைவேறின.

"லீவில் கூடினால் எம்.பி.க்குத் தனிச் சம்பளமா?" என்று கேட்பவர்களுக்கு: சம்பளம் மாதச் சம்பளம், அவை நடந்தாலும் நடக்காவிட்டாலும் அதேதான். குழுக் கூட்டத்துக்கு வரும் நாட்களுக்குப் பயணப்படியும் தினப்படியும் உண்டு. தினப்படி 2023 ஏப்ரல் முதல் கணக்கிட்டு 2,500 ரூபாய். குழுவில் பேசியதற்காக எம்.பி. மீது வழக்குப் போட முடியாது என்ற 105ஆவது பிரிவின் பாதுகாப்பும் இடைவேளையில் அப்படியே நிற்கும்.

இடைவேளையில் அறிக்கை தயாராகிவிட்டால் அவை கூடும்வரை காத்திருக்க வேண்டாம். சபாநாயகரிடம் கொடுத்துவிடலாம், அவர் விரும்பினால் விதி 280இன்படி அதை அச்சிட்டு வெளியிடவும் உத்தரவிடலாம். அடுத்த கூட்டத்தொடரில் அது அவையில் வைக்கப்படும்.

நமக்கு நேரடியாகப் பயன்படும் விஷயம் ஒன்று. முக்கியமான மசோதா குழுவுக்குப் போனால், பொதுமக்கள் கருத்து அனுப்பலாம் என்று நாளிதழ்களில் விளம்பரம் வரும். அவகாசம் பெரும்பாலும் இரண்டு வாரம்தான், அதுவும் அவை நடக்காத, செய்தி அடங்கிய நாட்களிலேயே வந்து போய்விடும். தனிநபர், சங்கம், அமைப்பு யார் வேண்டுமானாலும் எழுதலாம். நேரில் வந்து சொல்ல விரும்பினால் அதையும் கடிதத்திலேயே குறிப்பிட வேண்டும், அழைப்பதா என்பது குழுவின் விருப்பம். அனுப்பிய மனு குழுவின் ஆவணமாகிவிடும், ரகசியமாகவே வைக்கப்படும். அதனால் அதே மனுவை முகநூலில் போட நினைப்பவர்கள் அறிக்கை அவையில் வைக்கப்படும்வரை பொறுத்திருப்பது நல்லது. முன்கூட்டி வெளியிட்டால் உரிமை மீறல் என்று குழு எடுத்துக்கொள்ள இடம் இருக்கிறது.